ஞானதாஸ் பெயரில் படுத்திருந்தவன்

மக்கா,

நீ கோயம்புத்தூர் சபையில் வாலிபர் ஊழியத்துக்குப் பொறுப்பேற்கப் போகிறாய் என்று நம் போதகர் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் முடிவில் அறிவித்தார். உன் அம்மா அப்போதே அழ ஆரம்பித்தவள், இன்னும் நின்றபாடில்லை. போன தடவை இங்கே வந்துவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரே சிலுவையில் இரண்டு பெயர் இருக்கிறதே, அது யார் குடும்பம் என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். நேரில் சொல்ல உட்கார்ந்தால் இப்போதும் பாதியில் எழுந்துதான் போவேன். அதனால் எழுதுகிறேன். உன்னை நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தது இந்த ஒன்றுக்காவது உதவுகிறது. இங்கே கொச்சியிலேயே படித்த உன் தங்கைக்கு என்றால் மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டியிருக்கும்.

நீ அங்கே படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் நடந்தது இது. முப்பது வயது தாண்டிய பிறகும் நான் வாலிபர் ஐக்கியத்தில்தான் இருந்தேன். போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் பெட்டி அடிக்க என்னை விட்டால் ஆளில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் தேயிலைக்கும் மிளகுக்கும் மரப்பெட்டி அடிக்கிறவன் நான். எங்கள் ஐக்கியத்துக்கு டேனியல் அண்ணன் செயலாளர். படகுத் துறையில் மின்சார வேலை பார்த்தவர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாக ஜெபிப்பார். நம் சபையில் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரும் உனக்குத் தெரிந்தது போல, நாகர்கோவில் பக்கமிருந்தும் திருநெல்வேலி பக்கமிருந்தும் பிழைக்க வந்து மூட்டை தூக்கியவர்கள், பண்டகசாலைகளில் இஞ்சி பொறுக்கிய பெண்கள். அவர்களில் யாராவது ஆஸ்பத்திரியில் செத்துப்போனால் உடலை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. ஊருக்குத் தந்தி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படி ஒரு பெண்ணைப் பெயரில்லாமல் குழியில் தள்ளினார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் டேனியல் அண்ணன், இனிமேல் நம்மூரில் தமிழ் பேசுகிற எவனும் அநாதையாய்ப் போகக் கூடாது என்று சொன்னார். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி நான் சவப்பெட்டி செய்தேன். உள்ளே தேயிலை வாசனை போகவே போகாது.

நம் சபையில் எஸ்தர் அக்கா இருந்தாள் இல்லையா, நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்குக் கப்பைக்கிழங்கு அவித்துத் தருவாளே, அவள் புருஷன் ஞானதாஸ். மூட்டை தூக்குகிற வேலை. நல்ல உடம்பு, கெட்ட குடி. ஒரு மழைக்காலத்தில் அவனைக் காணவில்லை. எஸ்தர் அக்கா இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு படகு ஜெட்டி, சாராயக் கடை, எர்ணாகுளம் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்தாள். ஐக்கியத்துப் பையன்கள் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். அந்தச் சமயத்தில்தான் கால்வத்திப் பக்கம் ஒரு உடல் கரை ஒதுங்கியது. நாள் கடந்த உடல். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

பிணவறைக்கு நாங்கள்தான் அவளைக் கூட்டிப்போனோம். டேனியல் அண்ணன், நான், இன்னும் இரண்டு பேர். வாசலிலேயே நாற்றம் தாங்கவில்லை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மழையில் வெளியே நின்றுவிட்டோம். அங்கே வேலை பார்த்த மலையாளத்துப் பெண் ஒருத்திதான் எஸ்தர் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "நோக்கீட்டு வேகம் வா, சேச்சி" என்று, பார்த்துவிட்டுச் சீக்கிரம் வரும்படி அவள் சொன்னது கேட்டது. ஆனால் எஸ்தர் அக்கா வேகமாக வரவில்லை. வெகு நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. போலீஸ்காரர் கேட்டார். "எனக்க மாப்பிளைதான்" என்று சொன்னாள். அவ்வளவுதான்.

அந்த அடக்கத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. மழை கொட்டியது. ஞானதாஸ் எல்லாருக்கும் தொல்லை கொடுத்தவன்தான், ஆனாலும் எஸ்தர் அக்காவுக்காக பஜாரே வந்தது. மூட்டைக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இஞ்சி பொறுக்குகிற பெண்கள், அவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள், வேலியோரம் நின்றார்கள். பெட்டியை இறக்கும்போது கயிறு வழுக்கி என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. குழியில் தண்ணீர் நின்றதால் பெட்டி உடனே அமிழவில்லை. சற்று மிதந்தது, மக்கா. இறங்க மனமில்லாததைப் போல. டேனியல் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மண் போட்டோம். நான்தான் மரச்சிலுவை செய்து ஞானதாஸ் என்று செதுக்கினேன்.

விதவைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஐக்கியம் முடிவு செய்தது. அப்போது பண்டகசாலைப் பெண்கள் கைக்குழந்தைகளை மூட்டைகளுக்கு நடுவே துணியில் கிடத்திவிட்டுத்தான் வேலை செய்வார்கள். மிளகுத் தூசி பட்டுப் பிள்ளைகளின் கண் எந்நேரமும் சிவந்திருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளச் சபையின் பின்கூடத்தைக் கேட்டு வாங்கினோம். மூப்பர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். வேதபாடம் நடத்துகிற இடத்தில் மூத்திர நாற்றமா என்றார்கள். போதகர், "கர்த்தர் பிள்ளையாய் இருந்தப்போ அவரும் மூத்திரம் போயிருப்பார்" என்று சொல்லி வாயை அடைத்தார். எஸ்தர் அக்கா அந்தக் கூடத்தை ஏற்றுக்கொண்டாள். கஞ்சி வைத்தாள், பேன் பார்த்தாள், தூளி ஆட்டினாள். உன் அம்மாவும் மத்தியானம் போய் உதவுவாள். யார் பிள்ளை எந்தச் சாதி எந்த மதம் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. நம் ஐக்கியம் இந்த ஊருக்குச் செய்தவற்றில் எது நிலைத்தது என்று கேட்டால் நான் அந்தத் தூளிகளைத்தான் காட்டுவேன். அதில் கிடந்து வளர்ந்து இன்றைக்கு லாரி ஓட்டுகிறவனும் கடை வைத்திருக்கிறவனும் என்னைப் பார்த்தால் "எஸ்தர் சேச்சிக்கு சுகமல்லே?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் விசித்திரமாக இருந்தது. ஈஸ்டர் காலையில் சபை முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைக்கும். எஸ்தர் அக்கா பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளிவாசலிலேயே நிற்பாள். உள்ளே காலடி வைக்கமாட்டாள். துக்கம் என்று நினைத்தோம். ஒருமுறை உன் அம்மா கையைப் பிடித்து இழுத்ததற்கு அவள் மறு கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சில வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் வழியாக ஒரு ஆள் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். மெலிந்து, தலை நரைத்து, ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். மக்கா, அவன் பெயரை நான் என் உளியால் செதுக்கியிருக்கிறேன். அவன் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தான். எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பினாள், அவளுக்கு முன்னால் இருந்தவள் திரும்பினாள், அப்படியே காற்று போல அது முன்வரிசை வரை போனது. போதகர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பெண்கள் பக்கத்தில் எஸ்தர் அக்கா மட்டும் திரும்பவில்லை. முதுகு விறைத்து, முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மங்களூர்ப் பக்கம், கோவாப் பக்கம் என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியிருக்கிறான். நோய் வந்து, குடி நின்று, வீட்டு நினைப்பு வந்து திரும்பியிருக்கிறான். தனக்கு இங்கே ஒரு கல்லறை இருப்பது அவனுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஐக்கியம் கூடியது. எஸ்தர் அக்கா தானாக எழுந்து நின்று சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "அது இவரு இல்லைன்னு எனக்குப் பாத்த உடனே தெரியும். கால்லயே தெரிஞ்சு போச்சு. ஆனா நான் தேடித் தேடித் தளந்து போயிருந்தேன். இதுதான் அவருன்னு சொன்னா வீட்டுக்குப் போயி பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கலாம்னு தோணிச்சு. அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்கல்ல. அங்க கிடந்தவனையும் யாரும் கேட்டு வரல்ல. அவனுக்கும் ஒரு பெட்டி கிடைக்கட்டும்னு நெனச்சேன்." அவள் உட்கார்ந்தாள். மூப்பர் ஒருவர், பொய் சொன்னவளைப் பிள்ளைகளோடு வைத்திருக்கலாமா என்று ஆரம்பித்தார். டேனியல் அண்ணன் அவரைப் பார்த்து, "பாக்கப் போனது அவ ஒருத்தி. நாங்க நாலு ஆம்பளைங்க மூக்கைப் பிடிச்சிட்டு வெளிய நின்னோம்" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அவர் சத்தமில்லாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நீ இனிமேல் எத்தனையோ வீடுகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்குப் போகப் போகிறாய். துக்கப்படுகிறவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஊழியம் முடிந்தது என்று நினைக்காதே. கூட உள்ளே போ. நாறினாலும் போ.

மறுநாள் ஞானதாஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். நானும் கூடப் போனேன். சிலுவையில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். நான், "இதை இன்னைக்கே மாத்திருவோம்" என்றேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். "எனக்க பேரை எடுத்துட்டா இவனுக்கு ஒரு பேரும் இல்லாம ஆயிருமே அண்ணே. இவனுக்க பேரு கிடைக்குற வரைக்கும் இது கெடக்கட்டும்" என்றான்.

அப்போது ஆரம்பித்தது எங்களைப் பிடித்த பேய். வேறு எப்படிச் சொல்ல? அதுவரை அந்தக் குழியில் ஞானதாஸ் இருந்தான், கணக்கு முடிந்திருந்தது. இப்போது அங்கே யாரோ இருந்தான். அவனை எங்கேயோ யாரோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜெட்டியில் நிற்கும்போதெல்லாம் படகிலிருந்து இறங்குகிற பெண்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன், இவள் தேடி வந்தவளோ, இவளோ என்று. சாப்பிடும்போது கை நின்றுவிடும். உன் அம்மா திட்டுவாள். பலகையில் ஆணி அடிக்கும்போது உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுவது போல இருக்கும். நீ அந்த லீவுக்கு வந்தபோது, அப்பா ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாயாம். இதுதான், மக்கா.

தேடினோம். ஞானதாஸும் டேனியல் அண்ணனும் கரையோரமாகவே போனார்கள். ஆலப்புழை, கொல்லம், விழிஞ்ஞம், குளச்சல் என்று சபை சபையாக, பள்ளிவாசலும் கோயிலும் விடாமல், அந்த மழைக்காலத்தில் ஆள் காணாமல் போன வீடு உண்டா என்று கேட்டார்கள். போகிற இடத்திலெல்லாம் அங்குள்ள வாலிபர் ஐக்கியம் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, கூட ஆள் அனுப்பியது. ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள். ஞானதாஸ் கொஞ்ச நாள் மூட்டை தூக்குவான், மறுபடியும் கிளம்புவான். வீட்டில் அவன் வெளி வராந்தாவில்தான் படுத்தான். எஸ்தர் அக்கா சோறு வைப்பாள், பேசமாட்டாள். அவன் கிளம்பும்போது மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

கடைசியில் தூத்துக்குடியில், தோணித் துறையில், ஒரு கிழட்டு ஆள் சொன்னாராம். சுடலைமுத்து என்று ஒருவன் தோணியில் வேலைக்கு வந்து கொச்சியில் இறங்கி ஓடிப்போய்விட்டான், தோணித் தண்டல் ஊருக்கு வந்து அப்படித்தான் சொன்னார் என்று. தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். சுடலைமுத்துவின் பெண்சாதி முத்துலெட்சுமி உப்பளத்தில் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து ஞானதாஸே போய் அவளிடம் பேசினான். என்ன பேசினான் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. அவள் வந்தாள்.

கறுத்து ஒல்லியான பெண். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்திருந்தது. கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, "பாத்தது யாரு?" என்று கேட்டாள். எஸ்தர் அக்கா முன்னால் வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"என்ன பாத்த, சொல்லு" என்றாள் முத்துலெட்சுமி.

"மொகம் இல்ல. இடுப்புல கறுப்புக் கயிறு இருந்துச்சு. இடது கால்ல ரெண்டாம் விரலும் மூணாம் விரலும் ஒட்டி இருந்துச்சு. பொறக்கும்போதே ஒட்டினது மாதிரி."

முத்துலெட்சுமி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "எம் பெரியவனுக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றாள். அழுவாள் என்று நினைத்தோம். அவள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "அப்ப அவுக ஓடிப்போகல்ல. ஊருல எல்லாரும் ஓடிட்டாவன்னு சொன்னாவ. எங்க அண்ணனே சொன்னான். வேற ஒருத்தி கூட இருப்பான்னு சொன்னாவ. நானும் நம்பிட்டேன். இத்தன வருஷமா அவுகள ஏசிக்கிட்டே இருந்துட்டேனே."

அதற்குப் பிறகுதான் அழுதாள். எஸ்தர் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். முத்துலெட்சுமி கையைத் தட்டிவிட்டாள். "நீ ஒரு வார்த்த சொன்னதுக்கு எம் பிள்ளைக ஓடுகாலி பிள்ளைகன்னு பேரு வாங்கிச்சுக" என்றாள். எஸ்தர் அக்கா எழுந்து போகவில்லை. அங்கேயே மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முத்துலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்து வச்சப்போ நாலு பேராவது வந்தாவளா?" என்று கேட்டாள். "பஜாரே வந்துச்சும்மா. மழையில நின்னோம்" என்றேன். "யாராவது அழுதாவளா?" என்றாள். "நான் அழுதேன்" என்றாள் எஸ்தர் அக்கா. முத்துலெட்சுமி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

சிலுவையை எடுத்துவிடவா என்று போதகர் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். ஞானதாஸ் என்ற பெயருக்குக் கீழே சுடலைமுத்து என்று எழுதச் சொன்னாள். "அந்தப் பேரும் இருக்கட்டும். இத்தன நாளு அந்தப் பேருலதான கெடந்தாவ" என்றாள். கொண்டு வந்த சூடத்தை ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் அங்கியோடு குனிந்து இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு, "இப்ப ஏத்தும்மா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து பெயரைச் செதுக்கினேன். அவள் பக்கத்தில் இருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

எஸ்தர் அக்கா வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம் வீட்டில் உன் அம்மா கையால் இரண்டு வாய் சாப்பிட்டாள். மத்தியானம் எர்ணாகுளத்தில் பஸ் ஏற்றிவிட நானும் உன் அம்மாவும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் அவளோடு படகு ஏறினோம். அவள் படகின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவழியில் என்னைக் கேட்டாள்.

"தண்ணிக்குள்ள விழுந்தப்போ கூப்பிட்டிருப்பாவல்லா? அவுகளுக்கு நல்ல சத்தம். தோணியில நின்னு கூப்பிட்டா கரைக்குக் கேக்கும். யாருக்குமா கேக்கல்ல?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான். அவன் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, மக்கா. உடல் கரை ஒதுங்கியதற்கு முந்தின வாரம் நம் ஐக்கியத்தின் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. சாயங்காலம் தோறும் ஆராதனை. மூட்டைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்து, டேனியல் அண்ணனே சபைக் கூரையில் ஏறி, தண்ணீரைப் பார்த்துக் கட்டினார். மழைச் சத்தத்தை மீறிப் பாடினோம். கை தட்டிப் பாடினோம். அக்கரைக்குக் கேட்டதாம் என்று பெருமைப்பட்டோம்.

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது. முத்துலெட்சுமியை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினோம். இன்றுவரை நாங்கள் அதை எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை. இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அங்கே உன் சபையில் நிறைய வாலிபர்கள் இருப்பார்கள், நன்றாகப் பாடுவார்கள். பாடட்டும். நானும் பாடியவன்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆராதனையில் அப்பா ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று நீ போதகரிடம் வருத்தப்பட்டாயாம். அவர் சொன்னார். குறையவில்லை, மக்கா. எல்லாரும் பாடும்போது யாராவது ஒருவர் வெளியே காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நம் சபையில் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உன் சபையில் யார் செய்வார்கள் என்று போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்து வை.

அப்பா